ஹார்மோனியம் தூக்கியவனின் மிடி கோப்பு

திருத்தணியில் வருடக் கடைசி நாளன்று மலைப்படிகளுக்குப் பூஜை நடக்கும். படிக்கு ஒரு பாட்டு. எங்கள் பஜனை கோஷ்டியில் ஹார்மோனியம் என் மனைவி. எனக்கும் ஒரு பதவி உண்டு: அவள் பாட்டை முடித்ததும் பெட்டியைத் தூக்கி அடுத்த படியில் வைப்பது. இத்தனை புத்தகம் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பை ஊர் தரவில்லை.

வீட்டில் அவள் கீபோர்டில் பழகுவாள். வாசித்ததைக் கம்ப்யூட்டரில் மிடி கோப்பாகச் சேமிப்பாள். அவள் இறந்த மூன்றாம் மாதம், அந்தக் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பொதட்டூர்பேட்டை உறவுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற தைரியம்.

போன மாதம், பேச ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பைத் திறந்தேன். மெட்டு முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், தனியா உக்காந்துகினு சண்டைப் படமா?"

ஆமாம் என்றேன். பக்திப் பாட்டு என்றால் நம்பியிருப்பாரா?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு (தூக்குவதுதான் எனக்கு வரும்) கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண்ணிடம் போனேன்.

"ஃபைல்ல சத்தமே இல்ல சார். எந்தக் கட்டை, எப்போ, எவ்ளோ அழுத்தம், எந்த நம்பர் வாத்தியம், அவ்ளோதான் கீது. சத்தம் கீபோர்டுலதான். அதுல ஹார்மோனியத்தோட நம்பர் இங்க துப்பாக்கி. அந்த கீபோர்டு கீதா?"

"குடுத்த எடத்துல ஒடச்சிட்டாங்கம்மா."

"பரவால்ல. ஒரு சாஃப்ட்வேர் போட்டு வாத்தியச் சத்தத்த ஏத்திட்டா தனி மிஷினே வேணாம். லேப்டாப்பே வாசிக்கும்."

போட்டுக்கொடுத்தாள். ஹெட்போனில் கேட்டுவிட்டு, "நடுநடுவுல சும்மாவே கீது சார். வெட்டிடட்டா? வூட்ல முழுசா கேட்டுட்டு சொல்லுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஹார்மோனியம் பொம்மைக்கடைச் சரக்கு. அழுத்தம் மட்டும் என் மனைவியுடையது. முதல் பாட்டு முடிந்தது. அமைதி. நான்கு எண்ணுவதற்குள் இரண்டாவது தொடங்கியது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் பதினொன்று வரை எண்ணினேன்.

பெட்டியைத் தூக்க, ஏற, இறக்கிவைக்க. போகப் போக எனக்கு மூச்சு வாங்கும். அதற்கும் சேர்த்துக் காத்திருந்து பழகியிருக்கிறாள். பக்கத்து அறையில் புத்தகத்தோடு இருந்த நான், அவள் நிறுத்தும்போதெல்லாம் மெட்டு மறந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போன் செய்தேன். "வெட்ட வேணாம்மா."

"ஏன் சார்? அங்க ஒண்ணுமே இல்லியே?"

"அங்கதாம்மா எனக்கு வேலை."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டேன். முதல் பாட்டு முடிந்ததும் மடிக்கணினியைத் தூக்கி மேசையின் மறுமுனையில் வைத்தேன். சிரிக்க வீட்டில் யாரும் இல்லை. நான்கு எண்ணுவதற்குள் வைத்துவிட்டேன்.