வீல் ஸ்பேனர் இல்லாத கார்

போன மாதம் நான் வாங்கிய எலெக்ட்ரிக் காரில் வீல் ஸ்பேனர் இல்லை. ஷோரூம்காரர் டிக்கியைத் திறந்து காட்டி, "ஸ்டெப்னியே கிடையாது சார், பங்சர் கிட் மட்டும்தான். ஜாக்கி, ஸ்பேனர் எதுவும் வராது," என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "நல்லதாப் போச்சு," என்றாள். எங்கள் பழைய பெட்ரோல் காரின் ஸ்பேனர், ஒரு முழ நீளத்துக்கு எல் வடிவில் வளைந்த இரும்பு, இன்னும் வீட்டுப் பரணில் பழைய துணி சுற்றிக் கிடக்கிறது. அங்கே அதைத் தூக்கிப் போட்டவளும் அவள்தான். "ஏணி போட்டு எடுக்கறதுக்குள்ள உங்க கோவம் எறங்கிடும்," என்று அன்றைக்குச் சொன்னாள். அந்த ஸ்பேனரால் நான் ஒரு மனிதரின் கையை உடைத்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் சேலையூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தோம். கார் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கினால், பொதுக் குழாயில் ஓஸைச் சொருகி, சோப்பு நுரை தெருவரை ஓட, மணிக்கணக்கில் வண்டி கழுவுவோம். கழுவிக்கொண்டே மைலேஜ் பேசுவோம். பெட்ரோல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் எங்கள் பேச்சில் வயிற்றெரிச்சலும் ஏறும். எங்களில் ஒருவர், படப்பைப் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர், தன் டீசல் வண்டியைப் பற்றி மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பெருமையாகப் பேசுவார். நான் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருந்தது. தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் அருகில் என் காரை இடித்துவிட்டுப் போன ஷேர் ஆட்டோக்காரரைத் துரத்திப் போய் மறித்து, அதே ஸ்பேனரைக் காட்டி மன்னிப்புக் கேட்க வைத்தவன். அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியும் திரிந்தவன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

முதல் மாடியில் இருந்தவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் ஒருநாள் மாம்பழ மஞ்சளில் ஒரு குட்டி பேட்டரி காரோடு வந்து இறங்கினார். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, சத்தமும் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு 'பேட்டரி சார்' என்று பெயராகிவிட்டது. "இன்னா சார், சாவி குடுத்து வுட்டா ஓடுமா?" என்று கான்ட்ராக்டர் கேட்டார். பேட்டரி சார் கோபப்படவில்லை. "கிலோமீட்டருக்கு நாப்பது பைசாதான் ஆவுது சார். நாலு டீ குடிக்கிற காசுல கேளம்பாக்கம் போய்ட்டு வந்துடலாம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. என் காருக்குக் கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது.

அவர் ஆசைக்காக அந்தக் காரை வாங்கவில்லை. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் குரோம்பேட்டையில் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்கினால் வழியெல்லாம் வாந்தி எடுப்பார் அந்த அக்கா. வாரம் இரண்டு முறை பெட்ரோல் போட்டு ஓட்ட அவருக்குக் கட்டாது. கையிலிருந்ததைத் துடைத்து அந்த வண்டியை வாங்கினார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தக் கோடையில் பொது மீட்டரின் கரண்ட் பில் இரண்டு மடங்காக வந்தது. எல்லா வீட்டு மீட்டர்களும் இருந்த மீட்டர் ரூமிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரோரமாக இறங்கி பேட்டரி சாரின் வண்டிக்குப் போயிற்று. கான்ட்ராக்டர் அதைக் காட்டி, "ஓசி கரண்ட் சார் அது. அப்பறம் நாப்பது பைசா ஆவாம நாலு ரூபாவா ஆவும்?" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பேட்டரி சார், "என் மீட்டர்லேர்ந்துதான் சார் எடுக்கிறேன், வந்து பாருங்க," என்று கூப்பிட்டார். அவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினால் சார்ஜர் விளக்கு அணைகிறதா என்று பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. மைலேஜைப் புள்ளிக்குப் பின்னால் வரைக்கும் கணக்குப் போடும் எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவர் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு மேலே போனதும், நான் மெயினை இறக்கி அந்த ஒயரை வெட்டினேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது ஒயரை வெட்டும்போதே என் நினைவில் இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் என் காருக்குப் பங்சர். சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஸ்பேனரோடு குந்தியிருந்தேன். கான்ட்ராக்டர் தன் வண்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பேட்டரி சார் அந்த அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தார். மடியில் ஃபிளாஸ்க், போர்வைப் பை. சாவியைத் திருப்பினார். சார்ஜ் காட்டும் முள் சிவப்பைத் தாண்டவில்லை. இறங்கி, வெட்டுப்பட்ட ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, "மனுஷனாய்யா நீ?" என்று கேட்டு, பளாரென்று அறைந்தார். அதுவரை அவர் குரல் உயர்ந்தே நான் கேட்டதில்லை.

நான் எழுந்தேன். அவரை நெஞ்சில் தள்ளியதில் அவர் தூணில் மோதினார், உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அது எனக்குப் போதவில்லை. அவர் காரின் முன்பக்கத்தில் ஸ்பேனரை ஓங்கி இறக்கினேன். ஏதோ பிளாஸ்டிக் மாதிரியான உடம்பு, ஒரே அடியில் விரிசல் விட்டு உள்ளே போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் அந்த அக்காவின் முகம் தெரிந்தது. தெரிந்தும் இரண்டாவது தடவை ஓங்கினேன். பேட்டரி சார் குறுக்கே பாய்ந்து வலது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே பட்டது. எலும்பு முறியும் சத்தம் பெரிதாக இருக்காது. விறகுச் சுள்ளியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். கான்ட்ராக்டர் ஓஸைக் கீழே போட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார். ஓஸ் பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

அந்த அக்கா கத்துவார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் கதவைத் திறந்து, காலைக் கீழே வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், எனக்கு ஏழு மணிக்கு. இப்ப யாரு வண்டி எடுக்கறீங்க?" என்றார்.

நான்தான் எடுத்தேன். அதற்கு முதலில் ஸ்டெப்னியை மாட்ட வேண்டியிருந்தது. எந்த ஸ்பேனரால் அடித்தேனோ அதே ஸ்பேனரால் நட்டு ஒவ்வொன்றாக முடுக்கினேன். கையைத் தொடையில் தாங்கியபடி பேட்டரி சார் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா டைட் பண்ணுங்க," என்று அந்த அக்கா சொன்னார். ஏழு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். மேல் மாடியில் அந்த அக்காவுக்கு டயாலிசிஸ், கீழே பேட்டரி சாருக்கு மாவுக்கட்டு.

மறுநாள் மின்வாரிய லைன்மேன் வந்து ஒயரை இணைத்தார். பிறகு அவரே பேட்டரி சாருடைய வீட்டின் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், சார்ஜர் விளக்கு அணைந்தது. "அவரு கரண்ட்டுதான் சார் இது," என்றார். பிறகு கிணற்று மோட்டாரைக் காட்டி, "தண்ணி கீழ போயிட்ச்சு. நாள் பூரா ஓடிகினே கீது, பில்லு ஏறாம இன்னா பண்ணும்? இந்தக் கோடையில அப்டி எதுக்கு சார் தண்ணி?" என்று கேட்டார். காய்ந்துபோன சோப்பு நுரைத் தடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பேட்டரி சார் தன் காரை ஒரு மக்கு தண்ணீரில் ஈரத்துணி நனைத்துத் துடைப்பார். அதையும் கேலி செய்திருக்கிறோம்.

அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. "கேஸ் போட்டா இவரு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவாரு. அப்ப என்னை யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார் அந்த அக்கா. ஆறு வாரம், செவ்வாயும் வெள்ளியும், நான் ஓட்டினேன். பேட்டரி சார் பின்சீட்டில், கட்டுப்போட்ட கையோடு, ஜன்னலைப் பார்த்தபடி வருவார். கட்டுப் பிரித்த அன்று திரும்பும்போதுதான் முதன்முதலாக என்னிடம் பேசினார். "உங்க வண்டிக்குக் கிலோமீட்டருக்கு எவ்ளோ ஆவுது?"

"நாலு ரூபா சார்."

"ரொம்ப அதிகம் சார்," என்றார்.

அவர் கை கோணலாகத்தான் சேர்ந்தது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்ப முடியாமல் அந்த மஞ்சள் காரை விற்றுவிட்டு, அனகாபுத்தூரில் அவர் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோனார்கள். அதன் பிறகு அந்த அக்காவைச் செவ்வாயும் வெள்ளியும் யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எத்தனை காலம் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று விசாரிக்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் குடியிருப்பில் பாதிப் பேரிடம் எலெக்ட்ரிக் கார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மாறவில்லை. "சார், உங்களுக்குக் கிலோமீட்டருக்கு எவ்ளோ வருது?" என்று கேட்கிறார்கள். "ஒரு ரூபா," என்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் சார்ஜர் ஒயர் என் பார்க்கிங் இடத்தின் குறுக்கே கிடந்து, தடுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. கோபம் சுர்ரென்று ஏறியது. எழுந்தவன் என் காரின் டிக்கியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். எதைத் தேடுகிறேன் என்பது, கையில் ஒன்றும் தட்டுப்படாதபோதுதான் எனக்கு உறைத்தது. டிக்கியை மூடினேன். ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்து, அந்தக் காரில் சார்ஜ் ஏறும் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். எரிந்தது.