காளியண்ணன் செய்யாத தவறு

ஏற்காடு ஏரிக்கரை ஸ்டாண்டில் ஆசிர் என்று சொன்னால் போதும், பெட்டிக்கடைக்காரர்கூட கை நீட்டிக் காட்டுவார். மீசை அரும்பிய வயதில் ஜீப்பில் கிளீனராக ஏறியவர். பிறகு அதே ஜீப்பை ஓட்டினார், பிறகு அதையே சொந்தமாக வாங்கினார். சேர்வராயன் மலையில் வண்டி போகக்கூடிய வழி எதையும் அவர் விட்டு வைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் ஜீப்பை விற்றுவிட்டுப் புது மாடல் வேன் ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தியபோது ஸ்டாண்டே சிரித்தது.

"டிவி வச்ச வண்டியில மலையேறப் போறாராம்டா நம்ம ஆசிரு," என்றார் ஜீப் ஓட்டும் ரொனால்ட், ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த திரையைத் தட்டிப் பார்த்தபடி.

ஆசிருக்கு அது சுருக்கென்று தைத்தது. சிரித்த வாய்களை அடைத்துக் காட்ட வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது. சேலத்து ஷோரூம்காரர்கள் அவரைப் பேசச் சொல்லி ஒரு வீடியோ எடுத்தார்கள். மாலையும் கழுத்துமாக வேனின் முன்னால் நின்று, "மலைக்குன்னே செஞ்ச வண்டிங்க இது. பஞ்சாட்டம் போவுது. கண்ணை மூடிட்டு வாங்கலாம்," என்று சொன்னார். அது செல்போன் செல்போனாகப் போய் மலை முழுக்கச் சுற்றியது. வாழவந்தியிலிருந்தும் நாகலூரிலிருந்தும் ஆட்கள் நிறுத்தி விசாரித்தார்கள். கொஞ்ச நாள் ஆசிர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அந்தக் கோடையில்தான் முதல்முறை நடந்தது. சுற்றுலா வந்த குடும்பத்தைச் சேலம் ரயில் நிலையத்தில் விடுவதற்காக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் அணைந்தது. சத்தம் எதுவும் இல்லை, சத்தம் நின்றுபோனதுதான் தெரிந்தது. திரையில் சிவப்பு விளக்குகள் பூத்தன. ஸ்டியரிங் இறுகியது. பிரேக்கை முதலில் மிதித்தபோது பிடித்தது, அடுத்து மிதித்தபோது கல்லை மிதிப்பதுபோல் இருந்தது. எஞ்சின் ஓடினால்தான் இரண்டுக்கும் பலம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை ஒரு சுற்றுப் பின்னால் திருப்பி முன்னால் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். வண்டியின் ஓட்டத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்தவர்கள் குரங்குகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை.

மறுநாளே ஷோரூமுக்குப் போனார். வண்டியில் ஒயரைச் சொருகி லேப்டாப்பைப் பார்த்த பையன், "எரர் எதுவும் காட்டலீங்க சார். பழைய ஜீப் ஓட்டுன கால் உங்களுது. இதுக்கு மெதுவா மிதிக்கணும்," என்றான். சாஃப்ட்வேர் புதுசாக ஏற்றியிருப்பதாகச் சொல்லி அனுப்பி வைத்தான். சில வாரம் தொந்தரவு இல்லை. பிறகு மறுபடியும் வந்தது, அதே இறக்கத்தில், எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்த நேரத்தில். ஆசிர் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார். ஸ்டாண்டில் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ரொனால்ட் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் காளியண்ணன் வந்தார்.

காளியண்ணன் செம்மநத்தத்துக்காரர். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் கொஞ்சம் உண்டு. அறுவடை இல்லாத மாதங்களில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலை பார்க்கலாம் என்று அவருக்கும் ஒரு வேன் எடுக்கும் யோசனை. ஆசிரும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆசிர் வீட்டு முற்றத்தில் நின்ற வேனை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுந் தெரியாது ஆசிரு. நீ சொன்னா எடுக்கறேன். ஏதாச்சும் கொறை இருந்தா இப்பவே சொல்லிப்போடு."

உள்ளே மனைவி ஷீனா காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. சொல்லிவிடலாம் என்று ஆசிருக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வீடியோ, அந்த மாலை, ஊர் முழுக்க அவரிடம் விசாரித்த ஆட்கள் எல்லாம் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொண்டன.

"கொறையா? நானே ஓட்டறேனில்ல. தைரியமா எடு காளி."

அதே கம்பெனி, அதே மாடல், நிறம் மட்டும் வேறு. பூசை போட்ட அன்று காளியண்ணன் எலுமிச்சம்பழத்தின் மேல் முதன்முதலாக வண்டியை ஏற்றும்போது ஆசிரைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதையும் அவர் சொல்லவில்லை. எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்காது, அவனுடையதில் வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காளியண்ணனும் அவர் மனைவி கலாவும் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் வெண்ணிலாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். மலை இறக்கத்தில், அறுபதடிப் பாலம் தாண்டி ஒரு திருப்பத்தில் வேன் கட்டுப்பாட்டை இழந்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. காளியண்ணன் ஸ்டியரிங்கை முழுப் பலத்தோடு பாறைப் பக்கம் ஒடித்தார். உயிர் தப்பியது. ஆனால் பாறையில் மோதியது கலா உட்கார்ந்திருந்த இடது பக்கம். அவளுடைய தோளும் மேல் கையும் நொறுங்கின.

நொறுங்கிய வண்டியைச் சோதித்த அதிகாரிகள் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஓட்டியவர் தவறு என்று எழுதி முடித்தார்கள். காளியண்ணனும் அதையே நம்பினார். வேறு எதை நம்புவது? எஞ்சின் நின்றதா, நின்ற பிறகு மோதினாரா, மோதியதால் நின்றதா என்று அவருக்கே குழப்பம். காலுக்கு அடியில் பிரேக் இறங்காதது மட்டும் நினைவிருந்தது.

"பதட்டத்துல கிளட்சையோ எதையோ மிதிச்சுட்டேன் ஆசிரு," என்றார், ஆஸ்பத்திரி வராந்தாவில். "என்ர கையாலயே அவளைக் கொண்டு போயி பாறையில மோத வச்சுட்டேன்."

ஆசிர் அவர் தோளில் கை வைத்தார். "அப்படியெல்லாம் பேசாதே," என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொல்லாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதை இன்னும் கடினமாக்கியது.

காளியண்ணன் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மொபெட்கூட ஓட்டவில்லை. செம்மநத்தத்திலிருந்து பஸ்ஸுக்கு நடந்தே வருவார். ஸ்டாண்டில் அவர் காதுபடவே, "தோட்டக்காரனுக்கு எதுக்குப்பா வேனு," என்று பேசினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஆசிர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கலாவின் தையல் பிரித்த பிறகு, வாரம் ஒருமுறை சேலத்தில் கைக்குப் பயிற்சி கொடுக்க வரச் சொன்னார்கள். ஆசிர் தானாகவே முன்வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கலா நெகிழ்ந்து போனாள். "கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கண்ணா," என்றாள். அன்று வீடு திரும்பிய ஆசிர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். சர்ச்சில் திருவிருந்து நாளன்று எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போய் முழங்கால் போட்டபோது அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஷீனா திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும், "ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார்.

இறங்கும்போதெல்லாம் எஞ்சின் சூடாகாமல் பார்த்துக்கொண்டார். மெதுவாகப் போனார், வழியில் நிறுத்தி நிறுத்திப் போனார். மாசி மாதத்தில் ஒரு நாள் முன்னால் போன லாரி வழி விடாததால் வெகுதூரம் கீழ் கியரிலேயே அதன் பின்னால் ஊர வேண்டியதாயிற்று; நிறுத்தவும் இடமில்லை, எஞ்சின் சூடேறிவிட்டது. காளியண்ணன் முன் சீட்டில் இருந்தார். கலா பின்னால், கையைத் தலையணைமேல் வைத்தபடி. வளைவில் கிளட்சை மிதித்தார், எஞ்சின் நின்றது.

ஆசிருடைய கைகள் அவரைக் கேட்காமலேயே வேலை செய்தன. ஹேண்ட் பிரேக் உயர்ந்தது, சாவி பின்னால் போய் முன்னால் வந்தது, கிளட்ச் விடுபட்டது, எஞ்சின் உறுமிப் பிடித்தது. வேன் ஒரு குலுக்குக் குலுங்கி, வளைவைத் தாண்டி, சாலையோரம் அகலமாக இருந்த இடத்தில் போய் நின்றது.

சிவப்பு விளக்குகள் அணைந்த திரையைக் காளியண்ணன் விரலால் தொட்டார்.

"எஞ்சின் நின்னு போச்சுதானே?" என்றார் காளியண்ணன். "இதே செவப்பு லைட்டுதான். அன்னைக்கும் இதேதான் வந்துது. ஆசிரு... அப்ப நான் தப்பா மிதிக்கலையா?"

"இல்ல காளி. நீ தப்பா மிதிக்கல."

காளியண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஆசிருக்குத் தெரியவில்லை. பிறகு கைகள் மெல்ல இறங்கின. அவர் ஆசிரின் முகத்தைப் பார்க்கவில்லை, சாவியின் மேல் இன்னும் இருந்த விரல்களைப் பார்த்தார்.

"உன்ர கை எப்படி அவ்வளவு வேகமா சாவிக்குப் போச்சு?"

ஆசிர் விரல்களைச் சாவியிலிருந்து எடுத்தார்.

"எத்தன தடவ ஆயிருக்குது உனக்கு?"

"நாலஞ்சு."

"நான் வாங்கறதுக்கு முன்னால?"

"முன்னாலயும்."

காளியண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். சாலையோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார். பின்னாலிருந்து கலாதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஏனுங்கண்ணா, இவரு தெனமும் என் காலைப் புடிச்சிட்டு அழுவாரு. தப்புப் பண்ணிப்போட்டேன், உன்னைய முடமாக்கிப்போட்டேன்னு. நீங்க எங்க ஊட்டுக் கட்டில்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டே அதைப் பாத்திருக்கறீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மனுசன் நிம்மதியாத் தூங்கியிருப்பாரு."

"கலா, நான்..."

"கதவைத் தொறந்து விடுங்க. எனக்கு ஒத்தக் கையில வராது."

அவர் இறங்கிப் போய்க் கதவை இழுத்துவிட்டார். அவள் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்த சேலம் பஸ்ஸை நிறுத்தி இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று மாலை ஆசிர் ஷீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள், "அன்னைக்கு முற்றத்துல நீங்க சொன்னதை நானும் உள்ள இருந்து கேட்டேன். எனக்கு வண்டி நின்னது தெரியாதே," என்றாள். பிறகு, "என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

அவர் செய்தது இதுதான். வேனின் முன்னால் அதே இடத்தில் நின்று, மாலை இல்லாமல், இன்னொரு வீடியோ எடுக்கச் சொன்னார். ஷீனாதான் எடுத்தாள். "இந்த வண்டி எறக்கத்துல நின்னு போவுது. எனக்குத் தெரிஞ்சும் நல்ல வண்டின்னு சொன்னேன். என் பேச்சைக் கேட்டு வாங்கின செம்மநத்தம் காளியண்ணன் குடும்பத்துக்கு விபத்து ஆச்சு. அவர் மேல தப்பில்ல. தப்பு வண்டி மேலயும் என் மேலயும்," என்றார். முன்னதைவிட இது வேகமாகச் சுற்றியது. கொல்லிமலையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அதே மாடல் வைத்திருப்பவர்கள் அழைத்தார்கள். அவர்களுக்கும் கிளட்சை மிதித்தால் நிற்கிறது, அவர்களிடமும் லேப்டாப் எதுவும் காட்டவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாண்டில் ரொனால்ட் எதுவும் சொல்லவில்லை. ஆசிர் எதிர்பார்த்த கேலியைவிட அந்த மௌனம் வலித்தது.

கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அவரே வேனை ஓட்டிக்கொண்டு மலை இறங்கினார். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. திரும்ப ஏறி, சூட்டோடு சூடாக மறுபடி இறங்கியபோது எஞ்சின் நின்றது. பக்கத்திலிருந்த ஆசிர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினியரின் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. சில மாதங்களில் அந்த மாடல் வண்டிகளையெல்லாம் வரவழைத்து, எஞ்சினுக்குக் காற்று விடும் பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அறிவிப்பில் விபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காளியண்ணன் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஆசிர் சாட்சி. "குறை இருப்பது தெரிந்தே நண்பரை வாங்கச் சொன்னீர்களா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். அவரைப் பொய்யர் என்று காட்டுவதற்காகக் கேட்ட கேள்வி. ஆசிர், "ஆமாங்க, சொன்னேன்," என்றார். காளியண்ணன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆசிர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

காளியண்ணன் இப்போது எஸ்டேட் ஒன்றின் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். குறுகிய சாலையில் எதிரே ஆசிரின் வேன் வந்தால் ஒதுங்கி வழி விடுவார், எல்லா வண்டிக்கும் விடுவதுபோல. நிறுத்திப் பேசுவதில்லை. கலாவின் கை தோளுக்கு மேலே போவதில்லை. இந்த வருஷம் காப்பிப் பழம் பறிக்க அவள் போகவில்லை, களத்தில் காயப் போடுகிறாள்.

போன கிறிஸ்துமஸ் அன்று, விடுமுறைக்கு வந்திருந்த வெண்ணிலா ஒரு பை ஆரஞ்சோடு ஆசிர் வீட்டு வாசலில் நின்றாள்.

"அப்பா குடுக்கச் சொன்னாரா கண்ணு?"

"அம்மாதான் குடுத்துட்டு வரச் சொன்னாங்க, மாமா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் கெளம்பறப்ப அங்கதான் உக்காந்திருந்தாரு. போகாதேன்னு சொல்லல."

ஷீனா அவளை உள்ளே அழைத்துப் போய் கேக் எடுத்து வைத்தாள். ஆசிர் பையைக் கையில் பிடித்தபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், வெகு நேரம் வாசலிலேயே நின்றிருந்தார்.