மாகறலிலிருந்து கொண்டு வந்த செய்தி

மாகறலை விட்டு இரண்டு மைல் நடந்த பிறகுதான், என்னிடம் சொல்லி அனுப்பிய செய்தி சரியில்லை என்று எனக்குப் பட்டது. வாய்க்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்ல அது வேறு எதையோ சொல்வதுபோல் இருந்தது.

கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அரைக்கும் வேலை முந்தின நாளோடு முடிந்திருந்தது. அங்கே இருந்த இரண்டு மாதமும் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை தேடிக் காஞ்சிபுரத்துக்குப் புறப்படுகிறேன் என்று தெரிந்ததும், அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்தார். அவருடைய தாய் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்து ஐந்து நாளாகப் படுத்திருந்தார். ஒரே மகன், காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறார்.

"எங்கண்ணங்கிட்ட சொல்லிடுபா. அம்மாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே கெளம்பி வரச் சொன்னாங்கன்னு. அவ்ளோதான். நீயா ஒண்ணும் சேர்க்காத."

உள்ளே கிழவி மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. காலையில் மூன்று மடக்குக் கஞ்சி குடித்ததையும் பார்த்திருந்தேன். தபால் போட்டால் கடிதம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். நான் நடந்தால் உச்சிவேளைக்குள் போய்விடலாம். சரி என்று கிளம்பினேன்.

பாலாற்று மணலில் ஒருவர் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் ஊறுவதற்காக உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு கோலைக் குத்தி வைத்திருந்தார்.

"இன்னாபா, பேசிக்கினே வர? கூட யாரையும் காணோமே" என்றார்.

செய்தியைச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். எங்கே சொல்லு கேட்போம் என்றார். சொன்னேன்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. காய்ச்சல்."

அவர் சிரித்துவிட்டார். "அப்புறம் ஏன்பா என் பொழப்புல கை வைக்கிற? ஏழு ஊருக்குச் சாவு சொல்லப் போறவன் நான். ஒரு நாளாவது 'செத்துட்டாங்க'ன்னு சொல்லியிருப்பேனா? 'ரொம்ப முடியல, ஒடனே வரச் சொன்னாங்க'ம்பேன். அதுக்குள்ள உள்ள பொம்பளைங்க மாரடிக்க ஆரமிச்சிடுவாங்க."

"அழுதா என்ன? ஓடி வந்துடுவாங்க இல்ல?"

"எங்க ஓடி வருவாங்க? பங்காளியக் கூப்புடணும், கோடித் துணி எடுக்கணும், வண்டி கட்டணும். செத்தவங்க எழுந்து எங்கயும் பூடப் போறாங்களான்னு பொழுது சாயத்தான் கெளம்புவாங்க. எத்தினி வூட்ல பார்த்திருக்கேன்."

"அப்ப 'உடம்பு சரியில்ல'ன்னு சொல்லட்டுமா?"

"சொல்லேன். பொங்கலுக்கு வருவான்."

ஊறிய தண்ணீரை எனக்கும் கொஞ்சம் கையால் அள்ளிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு அவர் மேற்கே போய்விட்டார். எனக்குத்தான் பாரம் கூடியது. சொல்லி அனுப்பிய தங்கை கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. 'ரொம்ப முடியல' என்பதைத் தவிர அவருக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஊரார் சாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவருக்கு அது மிச்சமில்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 'ஆபத்து' என்றால் இன்று மாலைக்குள் உயிர் போய்விடும் என்று ஆகும். அது எனக்குத் தெரியாது. 'அபாயம்' என்று ரயில் பாதை வேலையில் சிவப்புப் பலகை பார்த்திருக்கிறேன். ஒருவரும் அதைப் பார்த்து நின்றதில்லை. 'இழுத்துக்கினு இருக்குது' என்றால் துளசித் தண்ணீரோடு ஊரே கிளம்பும். 'நோவு', 'சீக்கு' எல்லாம் வருடக்கணக்கில் இருப்பவை. 'சீக்கிரம்' என்றால் இந்த வாரம். 'ஒடனே' என்றால் மறுபடியும் சாவு. அந்தக் கிழவி போகப் போகிறாரா, தேறப் போகிறாரா என்று வந்து பார்த்த வைத்தியருக்கே தெரியவில்லை. தெரியாததற்கும் ஒரு சொல் வேண்டும்; அந்தச் சொல் ஒரு மனிதரை மட்டும், கூட்டம் சேர்க்காமல், இன்றைக்கே எழுப்ப வேண்டும். ஓரிக்கை தாண்டியும் அது கிடைக்கவில்லை. ஆனாலும் தங்கை சொன்னதை அப்படியே சொல்லப்போவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டைக் கண்டுபிடித்து எதிரே நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே தறிச் சத்தம். மகனுடைய மனைவி வெளியே வந்து, "யாருப்பா? எங்கேருந்து வர?" என்றார்.

"மாகறல்லேருந்து."

கால் முழங்கால்வரை புழுதி. படியேறித் தரையை அழுக்காக்க வேண்டாம் என்று தெருவிலேயே நின்றேன். "உள்ள வாயேன், தண்ணி குடி" என்று ஒரு செம்பு தண்ணீரைப் படிமேல் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் குடிக்கலாம் என்று, "வேணாம்மா, இருக்கட்டும். அண்ணனக் கொஞ்சம் கூப்புடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஐயோ, அத்தே!" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தறிச் சத்தம் நின்றது. அக்கம்பக்கத்துத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருவர், தறியருகே இருந்த பாவு நூல் சுருளைக் காட்டி, "பாவ உள்ளார எடுத்து வைங்க, நாளைக்கு எப்படிப் போடறது?" என்றார். இன்னொருவர் கோடித் துணி வாங்கத் தெருமுனைக்கே போய்விட்டார். சாவு சொல்ல வந்தவன்தான் படியேறமாட்டான், சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டுத் தண்ணீர் தொடமாட்டான் என்று ஒரு கிழவர் என் காதருகே சொன்னபோதுதான் என் தப்பு தெரிந்தது. சொல்லை மட்டும் எடைபோட்டுக்கொண்டு வந்தேன். நின்ற இடத்தை எடைபோடவில்லை.

விறுவிறுவென்று படியேறினேன். மகனுடைய மனைவி வைத்திருந்த செம்பை எடுத்து எல்லோரும் பார்க்கக் கடகடவென்று குடித்தேன்.

"சாகல! உசிரோட இருக்காங்க! துணி வாங்கப் போனவரக் கூப்புடுங்கய்யா!"

அழுகை ஒரேயடியாக நிற்கவில்லை. தேய்ந்து தேய்ந்து நின்றது. "தடிப்பயலே, அப்ப ஏன்டா எழவு சொல்றவனாட்டம் நின்ன?" என்று ஒரு பெண் என் தோளில் அடித்தார். வாங்கிக்கொண்டேன்.

மகன் வெளியே வந்தார். முப்பது வயதுக்காரர், இடுப்பில் ஈர வேட்டி. அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"சொல்லுபா. இன்னா சொல்லி அனுப்பிச்சா?"

"அவங்க சொன்னத விடுங்கண்ணா. நான் பார்த்தத சொல்றேன். அஞ்சு நாளா காய்ச்சல். இன்னிக்குக் காலைல மூணு மடக்குக் கஞ்சி எறங்குச்சு. உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, ரெண்டு தடவ. நல்லாக் கேட்டுது."

"ஆபத்தா?"

ஆம் என்றால் கிளம்பிவிடுவார். அந்த ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. மறுபடியும் கூட்டம் சேரும் என்பதால் மட்டுமில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பதாலும் விழுங்கினேன்.

"தெரியாதுண்ணா."

"நாளைக்கு விடியக்காலம் தெருவுல பாவு போடணும். அத முடிச்சிட்டு மத்தியானம் கெளம்பினா?"

"நாளைக்கு உங்களக் கூப்புடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குக் கூப்புட்டாங்க, அது தெரியும். இப்ப நடந்தா வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்க்கலாம்."

அவர் தறியைத் திரும்பிப் பார்த்தார். புதுப் பாவு பந்தாகச் சுருட்டி வைத்திருந்தது. அது இரண்டு மாத நெசவு. தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதற்கு ஏழெட்டுப் பேர் வேண்டும். தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள். முறை தவறினால் அடுத்து எப்போது வருமோ.

"நீங்க போங்க" என்றார் மனைவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் பார்த்துக்கறேன்."

"ஒரு ஆள் கொறையுதே."

"இதோ நிக்கறான் பாரு" என்று என்னை அடித்த பெண் சொன்னார். "தெருவையே அழ வெச்சானே, கயிறாவது புடிக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு தேடாமல், தெற்கே நடக்க ஆரம்பித்தார். தெருமுனையில் நடை ஓட்டமானது.

பொழுதிருக்கவே போய்ச் சேர்ந்ததும், அம்மா அவரைக் கண்டுகொண்டதும், இரண்டு நாள் பேசிவிட்டு மூன்றாம் நாள் கண்ணை மூடியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று ஒன்றும் தெரியாது. அவர்கள் கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தறிக்குழிப் பக்கத்தில் படுத்தேன்.

விடியும் முன்பே தெரு கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு முனையில் பாவைக் கட்டையில் மாட்டினார்கள். பட்டு இழைகள் தெருவின் அந்தக் கோடிவரை நீண்டு தொங்கின. மறுமுனைக் கயிறு என்னிடம் வந்தது. "இழையத் தொட்டுடாத. தளர விடாத. நான் சொன்னா மட்டும் பின்னால போ" என்றார் அந்தக் கிழவர். சரி என்றேன். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து இழுத்தேன்.