பின் சீட்டில் டைப்ரைட்டிங் கிளாஸ்

கண்டக்டர் வேலைக்கு வாய் வேண்டும் என்பார்கள். பழவேற்காடு - பொன்னேரி தடத்தில் அதைவிட மூக்கு வேண்டும். தோளில் பை, காதில் பென்சில், காலடியில் மீன் தண்ணீர் என்று எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் தனியார் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளிய சகாக்களே, குதிகால் வலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஒரு வலியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நண்டு.

நண்டும் வேட்டியும்

காலை ஆறு மணி முதல் டிரிப்பில், பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் கடை போடும் மீன்காரம்மாக்கள் ஏறுவார்கள். கடைசி நீள சீட்டு அவர்களுடையது. எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. முன்னால் ஜனம் தொங்கிக்கொண்டு வந்தாலும் அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் இறாலும் மடவை மீனும், படி ஓரத்தில் நண்டுக் கூடை.

ஒரு முகூர்த்த நாளில் சலவை வேட்டியோடு ஒரு பெரியவர் படியோரம் நின்றார். கூடையிலிருந்து தப்பிய நண்டு ஒன்று அவருடைய வேட்டியைக் கவ்விக்கொண்டது. "இவளுங்களை இறக்கு, இல்லேன்னா நான் இறங்கறேன்" என்று பஸ்ஸையே இரண்டாக்கினார். நானும் அதிகாரமாகப் போய் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த கன்னியம்மாவைக் கேட்டேன். அவள் நிதானமாக நண்டைப் பிடுங்கிக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அது இன்னா பண்ணும் கண்டக்டரே? வெள்ள வேட்டியப் பாத்ததும் ஓட்டு கேக்க வந்தவருனு நெனச்சி புடிச்சிக்கிச்சி."

லோயர், ஹையர்

என் ஒரே மகள் வசந்திக்கு அப்போது பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று போர்டில் எழுத டீச்சர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அரைப்பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், காதை மூடினாலும் கேட்கிறது என்றாள். அம்மா போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். மந்திரித்தோம், கயிறு கட்டினோம். நாலு மாதம் வீணாகப் போயிற்று. கடைசியில் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "இது மனசுக்கு வர்ற வியாதி, மருந்து இருக்குது" என்று கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கீழ்ப்பாக்கம்! எங்கள் பக்கம் அந்தப் பெயரே வசவு. சில்லறைக்குச் சண்டை போடுகிறவரிடம், "இது கீழ்ப்பாக்கம் போற பஸ் இல்ல சார்" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை என் மகளும் அவள் அம்மாவும் அதே பஸ்ஸில் பொன்னேரி போய், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். முதல் நாள் டிரைவர் காதர் பாய், "பாப்பா எங்க கிளம்பிடுச்சி?" என்று கேட்டார். வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்: பொன்னேரியில் டைப்ரைட்டிங் கிளாஸ். காதர் பாய் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்ணு லோயர் பரீட்சைக்கு, அம்மா ஹையருக்கா கண்டக்டரே?"

கவுச்சி

முன் சீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. பக்கத்தில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நடுங்கினாள். இரண்டாவது திங்கட்கிழமை, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் எழுந்து படிக்கு ஓடினாள். நான் விசில் ஊதினேன். இறங்கி, ரோட்டில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் மனைவி பின்னாலேயே இறங்கிக் கெஞ்சினாள். பஸ் முழுக்க ஜன்னலில் தலை.

உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் பார்த்தது என் பெண்ணை இல்லை, அந்தத் தலைகளை. யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு விசிலோடு படியிலேயே நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. கன்னியம்மாதான் இறங்கிப் போனாள். வசந்தியைத் தொடவில்லை, என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. இரண்டு கை தூரத்தில் நின்று சேலையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்: "எங்க சீட்டுக்கு வா கண்ணு. எங்க கவுச்சிக்கு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

லீவு

அன்றிலிருந்து பின் சீட்டின் ஜன்னல் ஓரம் திங்கட்கிழமைகளில் வசந்திக்கு. மாத்திரை மயக்கத்தில் கன்னியம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டே வருவாள். கை லேசாக நடுங்கும். மாதங்கள் போகப் போக சோற்றை முகர்வது நின்றது. ஒருநாள், "நைனா, கொழம்புல உப்பு கம்மி" என்றாள். அன்றைக்கு உப்பில்லாத குழம்பை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதோடு எனக்குப் புத்தி பிசகியது. குணமாகிவிட்டது, இனி எதற்கு ஆஸ்பத்திரி, ஊர் வாயில் ஏன் விழ வேண்டும் என்று நானே நிறுத்தினேன். மனைவி சண்டை போட்டாள். கேட்கவில்லை. ஒரு முறை போகாமல் விட்டதிலேயே மாத்திரை தீர்ந்தது. சில நாளில் வசந்தி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். "நைனா, அவங்க திரும்பி வந்துட்டாங்க" என்று அவள் அழுததைக் கேட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். அன்று திங்கட்கிழமை; பின் சீட்டில் அவளுக்கென்று விட்ட ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டே போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள் கன்னியம்மா: "லீவு போதும்யா. கத்துக்கினதெல்லாம் பொண்ணுக்கு மறந்துடப் போவுது."

மனு

மறுநாளே கூட்டிப் போனோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார், வாங்கிக்கொண்டேன். பழையபடி திங்கட்கிழமைகள் ஓடின. வசந்தி தெளிந்தாள். ஒரு வருஷம் ஆகியிருக்கும். வேட்டிக்காரர்களின் புகார் முதலாளியின் காதுக்குப் போய், மாதம் பிறந்தால் பஸ்ஸில் மீன் கூடை ஏற்றக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூடை ஏறாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. முதலாளிக்கு மனு கொடுப்பது என்று பின் சீட்டில் முடிவாயிற்று. மனு என்றால் டைப் அடிக்க வேண்டாமா? ஒரு வருஷமாக டைப்ரைட்டிங் போகிற பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே! கன்னியம்மா வெள்ளைத் தாளை நீட்டினாள்.

நான், "அவ இன்னும் லோயரே முடிக்கல..." என்று குறுக்கே விழுந்தேன். வசந்தி எழுந்து நின்றாள். முன் சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "எனக்கு டைப் தெரியாது கன்னிம்மாக்கா. நைனா சொன்னது பொய். நான் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். காதுல யாரோ பேசற மாரி கேக்கும். மாத்திர சாப்புடறேன், இப்போ கொறஞ்சிருக்குது."

எந்தப் பெயரைச் சொல்லி நான் பஸ்ஸைச் சிரிக்க வைத்தேனோ, அதே பெயர். யாரும் சிரிக்கவில்லை. காதர் பாய் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதத் தோதாக வண்டியை மெதுவாக ஓட்டினார். கன்னியம்மா என் காதிலிருந்த பென்சிலை உருவி அவளிடம் கொடுத்தாள். "நாங்க மீன் விக்கறது ஸ்டேஷன் வாசல்ல கண்ணு. ரயில் ஏறிப் போற பொன்னேரி கிளாஸு எங்க கீது? மொத நாளே தெரியும். உன் கையெழுத்து எப்பிடினுதான் தெரியாது. எழுது."

மனு பலித்தது, கூடைகள் பஸ்ஸிலேயே வந்தன. வசந்தி மாத்திரையை விடாமல் அடுத்த வருஷம் பரீட்சை எழுதினாள். முகத்தைப் பார்த்தே எந்த ஸ்டாப் என்று சொல்கிற கண்டக்டர் என்று பெயர் வாங்கிய நான்தான், தினமும் ஸ்டேஷன் வாசலில் நானே இறக்கிவிட்ட மீன்காரம்மாக்களுக்கு என் மகள் எங்கே போகிறாள் என்பது தெரியாது என்று நம்பிக்கொண்டு ஒரு வருஷம் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.