ஏரியை யார் முதலில் காட்டியது

என் மனைவிக்குப் பேரிஜம் ஏரியைக் காட்டப்போகிறவன் நான்தான் என்று, கல்யாணமான முதல் வருஷத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். வேறு யாரும் காட்டக் கூடாது. குறிப்பாக அவளுடைய அண்ணன் காட்டக் கூடாது.

அந்த அண்ணன், அதாவது என் மச்சான், கொடைக்கானலில் ஒரு பங்களாவில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். வெயில் காலத்தில் வந்து தங்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களைக் காட்டுக்கும் அருவிக்கும் கூட்டிக்கொண்டு போவது அவர் வேலை. நான் பழனி அடிவாரத்துக்காரன். எங்களுக்கு ஒரு பஞ்சாமிர்தக் கடையும், அதன் பின்பக்கம் காவடிக் கூட்டங்கள் வந்து தங்குகிற அறைகளும் இருந்தன. வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டிலேயே எதிர்கொண்டு அழைத்துவந்து, இடம் கொடுத்து, வெந்நீர் போட்டு, சமையலுக்கு அண்டா குண்டா எடுத்து வைத்து, மொட்டை போட ஆள் சொல்லி அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. உலகமே எங்களிடம் வந்து தங்கும். நாங்கள் மட்டும் எங்கேயும் போய்த் தங்கியது கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடை வாசலில் நின்றால் மலை நேர் எதிரே நிற்கும். ஆனால் பழனியிலிருந்து நேராக ஏறுவதற்கு பஸ் ரோடு அப்போது இல்லை. ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு என்று ஊரைச் சுற்றித்தான் மேலே போக வேண்டும். மூக்குக்கு எதிரே இருக்கிற மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்புகிற பயணம் எனக்கு எப்போதுமே எரிச்சல்.

அதைவிட எரிச்சல், என் மனைவி வாயைத் திறந்தால் ஓடுகிற அண்ணன் புராணம். ரசம் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும். "எங்கண்ணே கொதிக்கக் கொதிக்கத்தான் குடிக்கும், அங்க குளுரு அப்புடி" என்பாள். தெருவில் ஒரு கார் போனால், "எங்கண்ணே இதவிட மேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்" என்பாள். நானும் மனுஷன்தானே? பூசக் கூட்டத்தில் ஓர் ஊரையே அழைத்துவந்து படுக்க வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புகிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வயிறு எரியும். இதற்கு வேறு நாகரிகமான பெயர் வைக்க நான் தயாரில்லை. அது பொறாமைதான்.

எங்கள் அறையில் வருஷா வருஷம் தங்குகிற மர வியாபாரி ஒருவர்தான் அந்த ஏரியைப் பற்றிச் சொன்னார். கொடைக்கானலுக்கும் அப்பால், நடுக்காட்டில் இருக்கிறதாம். காட்டிலாகா காவல் போட்டுப் பாதுகாக்கிற இடமாம். கடை கிடையாது, படகு கிடையாது, சத்தம் கிடையாது. அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் காட்டுமாடுகள் தண்ணீர் குடிக்க வரும் என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போதே மனைவியிடம் சொல்லிவிட்டேன். "நாம ரெண்டு பேரும் போறோம். கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குறோம். உன்னய நான் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்."

அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஜீப் இல்லாமல் அங்கே போக முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஜீப் என்றால் மச்சான். யாருக்கு முன்னால் தலை நிமிர்த்தி நிற்க நினைத்தேனோ அவரிடமே போய்க் கை கட்டி நிற்க வேண்டும். தைப்பூசத்துக்கு அவர் கீழே இறங்கி வந்தபோது, கடை பெஞ்சில் உட்கார வைத்து, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பழனி வெயிலில் ஸ்வெட்டர்!

"போகலாம் மாப்ள, அதுக்கென்ன" என்றார். "டென்ட் எங்கிட்ட இருக்கு. பங்களாவுல பழசுன்னு குடுத்துட்டாங்க. பெட்ரோமாக்ஸ் இருக்கு. ரொட்டி, ஜாம் வாங்கிக்கிருவோம். கேம்ப்புனா சாமான் கம்மியா இருக்கணும். நீங்க சும்மா வந்தாப் போதும்."

சும்மா வந்தால் போதுமாம். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர் டென்ட்டில், அவர் விளக்கில், அவர் ரொட்டியைத் தின்றுவிட்டு வருவதற்கா நான் திட்டம் போட்டேன்? "வண்டி மட்டும் ஒங்களுது மச்சான். மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

பூசக் கூட்டம் கலைந்து, பங்குனி உத்திரக் கூட்டம் சேருவதற்குள் மாசியில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அதற்குள் போவது என்று முடிவாயிற்று. நான் ஏற்பாட்டில் இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றுதான்: காவடிக் கூட்டத்துக்குச் செய்கிற ஏற்பாடு. பந்தல்காரரிடம் படுதாவும் மூங்கிலும் வாங்கி வைத்தேன். செப்பு அண்டா, கரண்டி, ஜமக்காளம், வாழையிலைக் கட்டு, சூடம், சாம்பிராணி, புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை, எங்கள் கடைப் பஞ்சாமிர்தம் டப்பா டப்பாவாக. ஆயக்குடிக் கொய்யா ஒரு கூடை. இத்தனையையும் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு, வத்தலக்குண்டில் வண்டி மாறும்போது சுமைகூலிக்காரர்களோடு சண்டை போட்டு, கொடைக்கானலில் மச்சான் வீட்டு வாசலில் போய் இறங்கினோம்.

மச்சான் வெளியே வந்து பார்த்தார். சாமான்களை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "மாப்ள, காட்டுமாட்டுக்கு அன்னதானமா?" என்றார்.

என் மனைவி சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். அது இன்னும் மோசம். பஞ்சாமிர்த டப்பாவைக் காட்டி, "இது வாசத்துக்குக் காட்டுப்பன்னி கேரளாவுலருந்தே கெளம்பி வந்துரும்" என்று அவர் தொடர்ந்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னோடு இருந்த அந்த வருஷத்தில் ஒருநாளாவது நான் அவளை அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அப்போது அந்த அண்டாவைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

"காலைல வெள்ளனே கெளம்பிரணும் மாப்ள" என்றார் ராத்திரிச் சாப்பாட்டில். "செக்போஸ்ட்டுல பொழுது சாஞ்சா உள்ள விடமாட்டாய்ங்க."

மறுநாள் புதன்கிழமை. காலையில் எமகண்டம். எங்கள் வீட்டில் எமகண்டத்திலும் ராகு காலத்திலும் யாரும் வாசற்படி தாண்டியது கிடையாது. கூட்டத்தை மலையேற அனுப்பும்போதுகூட நேரம் பார்த்துத்தான் அனுப்புவோம். அப்படியிருக்க, பெண்டாட்டியை முதன்முதலாகக் காட்டுக்குக் கூட்டிப்போகிற பயணத்தை எமகண்டத்தில் தொடங்குவேனா? முடியாது என்றுவிட்டேன். அது கழிந்த பிறகு காட்டிலாகா ஆபீசுக்கு அனுமதிச் சீட்டு வாங்கப் போனேன். நானே போய்த்தான் வாங்குவேன் என்று மச்சானை வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அங்கே உட்கார்ந்து வாங்கி வருவதற்குள் உச்சிப்பொழுதாகி ராகு காலம் பிறந்துவிட்டது.

"வெரசா ஏறுங்க மாப்ள" என்று மச்சான் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு நின்றார்.

"ராகு காலம் மச்சான்."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். என் மனைவி கொய்யாக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். ராகு காலம் முடிந்து சாமான் ஏற்றினால் மூங்கில் ஜீப்புக்குள் போகவில்லை. அண்டாவை ஏற்றினால் ஆள் உட்கார இடமில்லை. நான் ஒவ்வொன்றாக இறக்குவதை மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் அவருடைய டென்ட்தான் ஏறியது. அவருடைய ரொட்டியும் ஏறியது. என் பக்கத்திலிருந்து புளிச்சோறும் எள்ளுருண்டையும் மட்டும் தப்பின. எனக்கு அழுகை வராத குறை. பரவாயில்லை, ஏரியாவது என்னுடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மச்சான் வெறும் டிரைவர். கூட்டிப்போகிறவன் நான். அனுமதிச் சீட்டு என் பையில்தான் இருக்கிறது.

காட்டு ரோடு மோசமாக இருந்தது. செக்போஸ்ட்டை அடைந்தபோது வெயில் மரத்தலைக்குப் போய்விட்டது. வயதான காவலர் ஒருவர் குறுக்குக் கம்பை இறக்கிப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். நான் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"பொழுது போயிருச்சுங்க. நாளைக்கு வாங்க. இனிமே விட்டா என் சோலி போயிரும்."

பழனியிலிருந்து வருகிறோம் என்றேன். விபூதியை எடுத்து நீட்டினேன். அவர் பயபக்தியோடு பூசிக்கொண்டார். ஆனால் பூட்டில் கை வைக்கவில்லை. மச்சான் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. எல்லாம் உன் பொறுப்புதானே, பார்த்துக்கொள் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் காவலர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, யாரு! டிரைவரு தங்கச்சியா? அன்னைக்கு அண்ணங்கூட வந்துட்டு, கெளம்ப மாட்டேன்னு அழுத புள்ளதானே நீ? கல்யாணம் ஆயிருச்சா?"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான் முன்கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"சரி, நம்ம புள்ள. வெளிச்சம் இருக்கும்போதே போயிருங்க" என்று காவலர் கம்பைத் தூக்கினார். என் சீட்டுக்குத் திறக்காத கம்பு அது.

மறுபடி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அவளுக்கு முன்பே தெரியும். மச்சானுக்கும் தெரியும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து பார்த்துவிட்ட ஏரிக்கு நான் பழனியிலிருந்து அண்டா சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். இரண்டு பேரும் இத்தனை நாளாக வாயைத் திறக்கவில்லை.

மரங்கள் விலகியதும் ஏரி வந்தது. நான் ஏரியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஆத்தாடி! எம்புட்டுத் தண்ணி!" என்றாள். கண் விரிந்திருந்தது. கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை பார்த்தவள் இப்படிச் சொல்வாளா? நடிக்கத் தெரிந்தவளாக இருந்தால் சொல்வாள்.

மச்சான் டென்ட்டை இறுக்கிக் கட்டினார். பிறகு சுள்ளி பொறுக்கி வருகிறேன் என்று மரங்களுக்குள் போனார். நான் மெதுவாகக் கேட்டேன், "நீ முந்தியே வந்திருக்க. எங்கிட்டச் சொல்லல."

"நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கு ஒங்க மொகத்தப் பாத்தேன். அதுக்கப்புறம் எப்புடிங்க சொல்றது?"

"அப்ப இப்ப ஆத்தாடின்னது?"

"அது நெசம்" என்றாள். "நான் வந்தது ஐப்பசி மழைக்கு. மூட்டம் எறங்கி எல்லாம் மறைஞ்சுபோயிக் கெடந்துச்சு. எதுத்தாப்புல நிக்கிற அண்ணனையே தெரியல, தண்ணி எங்க தெரியுது? ஏரியப் பாக்காமத் திரும்பிப் போறமேன்னுதான் அழுதேன். இன்னைக்குத்தாங்க பாக்குறேன்."

எவ்வளவு அழகான பதில். அன்றைக்கு உண்மையிலேயே மூட்டமாக இருந்திருக்கலாம். அல்லது என் முகத்தைப் பார்த்து இரண்டாவது தடவையாகவும் இரக்கப்பட்டிருக்கலாம். அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அங்கே கூட நின்ற ஒரே ஆள் மச்சான். அவரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மச்சான் சுள்ளிக்கட்டோடு வந்து என் பக்கத்தில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, ஏரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, எடம் எப்புடி?"

கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவரிடமா கேட்பது?

"சுமார்தான் மச்சான்" என்றேன்.