ஒரே டப்பாவில் இருவர் மருந்து

ஜோதிமணியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆராய்ச்சி மையத்தில் வேலை. வடமதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஸ்கூட்டியில் போய், சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்குப் புது மாத்திரையைக் கொடுத்து, எரிச்சல் குறைகிறதா என்று கேட்டு வருவாள்.

ஆய்வில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதை மறைக்காமல் சொல்லித்தான் ஆள் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் வாய்க்குள் முனகிவிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஜோதிமணி புரிகிற வரைக்கும் விடமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பொன்னழகுக்கும் கௌசல்யாவுக்கும் அப்படித்தான் புரியவைத்தாள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்கிறவர்கள். இருவருக்கும் பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், ராத்திரியில் பொட்டுத் தூக்கம் கிடையாது. மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் பொன்னழகு நன்றாகத் தூங்கினாள். கௌசல்யாவுக்கு மாத்திரை கேட்கவில்லை. அப்புறம் திடீரென்று அவளும் தூங்க ஆரம்பித்தாள். ஜோதிமணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒருநாள் சொல்லாமல் போய் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இருவர் மாத்திரையும் ஒரே எவர்சில்வர் டப்பாவில் கலந்து கிடந்தன.

“என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?”

“நீதானடி சொன்ன, எங்கள்ல ஒருத்திக்கு வெறும் மாத்திரையாக்கூட இருக்கலாம்னு,” என்றாள் பொன்னழகு. “எனக்குக் கேட்டுச்சு, இவளுக்குக் கேக்கல. நான் மட்டும் கால நீட்டித் தூங்க, இவ பக்கத்து வீட்டுல முழிச்சுக் கெடக்கவா? அதான் கலந்து போட்டு ஆளுக்குக் கொஞ்சமா முழுங்குறோம்.”

நன்றாகத்தான் புரிந்திருக்கிறது, யார் இல்லை என்றார்கள்! அரைகுறையாகச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு டப்பா என்று பேசாமல் விழுங்கியிருப்பார்கள்.

வாயைத் திறந்தால் இருவரையும் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்த மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. இருவர் தூக்கமும் போய்விடும். திறக்காவிட்டால் ஆய்வில் பொய் கலந்துவிடும், நாளைக்கு எங்கோ எவரோ அதை நம்பி விழுங்குவார்கள். ஜோதிமணி டாக்டர் அறை வாசல் வரை போவாள், திரும்பி வந்துவிடுவாள். வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தாள். எனக்கே இந்த இடத்தில் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் சொல்லிவிட்டாள். டாக்டர் முகேஷ்குமார் கெட்டவரல்ல. தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பொன்னழகு அக்காவுக்கு மட்டுமாச்சும் குடுக்க முடியாதா சார்?”

“அனுமதி வராத மருந்தும்மா. ஆய்வுக்கு வெளிய நான் குடுக்கக் கூடாது. பழைய மாத்திரையவே எழுதித் தர்றேன்.”

அந்தப் பழைய மாத்திரை கேட்காமல்தானே இருவரும் ஆய்வுக்கே வந்தார்கள்.

மாத்திரையைத் திரும்ப வாங்கப் போனபோது கௌசல்யா முகம் கொடுத்துப் பேசவில்லை. பொன்னழகு டப்பாவை எடுத்து நீட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஜோதிமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“உம்மேல தப்பில்ல,” என்றாள் பொன்னழகு. “ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. இனிமே அக்கா தங்கச்சி, ஓரகத்தின்னு சேக்காத. ஒத்தையில கெடக்குறவளாப் பாத்துச் சேத்துக்க. அவளுக்குத்தான் பங்கு குடுக்க ஆளிருக்காது.”

அடுத்து ஜோதிமணி சேர்க்க வேண்டியவள் பாண்டிச்செல்வி. புருஷன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். தனியாக இருக்கிற பெண் என்பதால்தான் அவளைச் சேர்க்கச் சொல்லி டாக்டர் அன்று காலையில் அனுப்பியிருந்தார்.