காலியாக இருந்த முன் நாற்காலி

அக்கா போன மறுவாரம், அவளுக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஆக்சிஜன் மிஷினைத் திருப்பிக் கொடுக்க என் வேனை எடுத்துக்கொண்டு போனேன். ஆளில்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் அதன் முன்னால் மைக்கை நட்டுவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இந்தச் சத்தம் தாங்கவில்லை என்றுதானே, அக்கா மூச்சுக்குத் திணறிய நாட்களில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார் இந்த மனுஷன்? அவள் இருந்தபோது காதுக்கு ஆகாத சத்தம், அவள் செத்த பிறகு சங்கீதமாகிவிட்டதா? மிஷினையும் தரவில்லை, விலைக்கே வாங்கிக்கொண்டார். அந்தக் கோபத்தை வருஷக்கணக்காகச் சுமந்தேன். இப்போது அவரும் இல்லை. இறக்கிவைக்க இடமில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அத்தான் வயலின்காரர். வயலின்காரர் என்றால் மேடையில் நடுவில் உட்கார்ந்து மாலை வாங்குகிறவர் இல்லை. ஸ்டுடியோவில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்களே, அதில் கடைசி வரிசை. அவர் பேரே அங்கே அதுதான். "கடைசி வரிசை வந்தாச்சா? அப்ப ஆரம்பிக்கலாம்பா" என்று கேலி செய்வார்கள். அவருக்கு அதில் ஒரு குறையும் கிடையாது.

"முன்னாடி இருக்கறவன் தப்பு பண்ணா ஊருக்கே தெரியும் மாப்ளே. நான் பண்ணா எனக்கே தெரியாது" என்பார்.

அப்புறம் ஒற்றை ஆள் ஒரு பட்டனை அழுத்தினால் அத்தனை வயலினும் வருகிற கீபோர்டு வந்தது. வரிசைகள் போயின, கடைசி வரிசை முதலில். அதன் பிறகு அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இவர் தினமும் வயலினைத் துடைப்பார், பெட்டியில் வைப்பார். அவ்வளவுதான் வேலை.

அக்கா போன பிறகுதான் பெட்டியை ஒழுங்காகத் திறந்தார். ஒரு ஆல்பம் போடப்போவதாகச் சொன்னார். மிஷின் சத்தம், வயலின், கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்து. கம்ப்யூட்டர் என் அக்கா மகள் பொறுப்பு. சத்தத்தை இழுத்து நீட்டுவாள், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆக்குவாள். வயலின் கூட்டத்துக்கு எங்கே போவது? ஹாலில் நாற்காலிகளைப் பரப்பினார். சாப்பாட்டு மேஜை நாற்காலி, மடக்கு நாற்காலி, பாத்ரூம் ஸ்டூல், எல்லாம். ஒன்றில் உட்கார்ந்து ஒரு வரியை வாசிப்பார். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்து அதே வரியை மறுபடி வாசிப்பார். எல்லாவற்றையும் மகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கூட்டம் வாசிப்பது போல இருக்கும். முன்னால் மெத்தை போட்ட நாற்காலி ஒன்று மட்டும் காலியாகவே கிடக்கும்.

"இது யாருக்கு அத்தான்? பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கா?"

"லீடருக்கு."

"லீடர் எங்க?"

"இல்ல."

"இல்லாத ஆளுக்கு மெத்தை வேறயா!"

"விடுங்க மாமா" என்றாள் மகள். "அதுல நான் லேப்டாப்பை வச்சாக்கூட எடுடீங்கறார்."

அதுவரை முடிந்திருந்த துண்டுகளை என் வேனில் போட்டுக் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி வயலின்கள் எழும்பின. அடியில் அந்த மிஷின் ஹும்மென்று ஓடியது, நடுநடுவே புஸ்ஸென்று காற்றை விட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். "பாட்டு எப்பம்மா வரும்?" "இதான் மாமா பாட்டு" என்றாள்.

கடைசித் துண்டு மட்டும் பாக்கி இருந்தபோது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. இனி நாளுக்கு நாள் கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்ட காலிலே படும் என்பார்களே, அதே வாரம் மிஷினும் கருகின வாசனையோடு நின்றுபோனது. ரிப்பேர் கடையில் கையை விரித்துவிட்டான்.

"பழைய ரெக்கார்டிங்கையே ஓட்டுறேன்பா, அதுக்கு வாசிங்க" என்றாள் மகள். ஓட்டினாள். அத்தான் வில்லைத் தூக்கினார், இறக்கினார். திரும்பத் தூக்கினார். முடியவில்லை.

"இதுல அடுத்த புஸ் எப்ப வரும்னு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சும்மா. அந்தக் கிழட்டு மிஷின் முந்தும், பிந்தும். காத்துக்கிட்டிருப்பேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். கூட்டமாக வாசிக்கும்போது முன்னால் இருக்கிறவர் மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சு இழுப்பாராம். பின்னால் இருக்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் வில்லை வைப்பார்கள். ஆயுசு முழுக்க யாரோ ஒருவர் மூச்சுக்குப் பின்னால்தான் அவர் ஆரம்பித்திருக்கிறார். தானாக ஆரம்பிக்க அவருக்கு வரவே வராது; மிஷின் விடுகிற புஸ்தான் இப்போது அவருக்கு அந்த மூச்சு.

அத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன். "அப்ப எதுக்கு அத்தான் அக்காவை விட்டுட்டு ஹாலுக்குப் போனீங்க?"

அத்தான் வில்லை மடியில் வைத்தார். மகள் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

"பக்கத்துல படுத்தா, ஒவ்வொரு புஸ்ஸுக்கும் கை தானா எழும்புச்சு மாப்ளே, வாசிக்கறதுக்கு. உங்க அக்கா அந்த நிலைமையில கிடக்கறா, என் கை வில்லைத் தேடுது. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பா இருந்துச்சு."

இதைக் கேட்டதும் கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெந்த சோறு ஆறிப்போன மாதிரி நெஞ்சில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவரால் பேச முடியாமல் போனது. அதனால் அன்றைக்கு அடுத்து அவர் கேட்ட உதவிதான் என்னிடம் கடைசியாகக் கேட்டது.

மகளைக் கூப்பிட்டு, மிஷின் சத்தத்தை ஓட்டாமல் புதிதாக ரெக்கார்ட் பண்ண ஆரம்பிக்கச் சொன்னார். பாத்ரூம் ஸ்டூலில், கடைசியில் போய் உட்கார்ந்தார். வில் அவர் கையில் துடித்தது.

"மாப்ளே, போய் முன் நாற்காலியில உட்காரு."

"நானா? நான் ஸ்டியரிங்கைத் தவிர எதைப் பிடிச்சேன் அத்தான்?"

"நீ எதையும் பிடிக்க வேணாம். எனக்கு முதுகைக் காட்டி உட்காரு. திரும்பிப் பார்க்காதே. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப, எனக்குக் கேட்கிற மாதிரி, ஒரே ஒரு தடவை மூச்சை இழு."